கேசரிக்கு ஏன் முடி கொட்டியது என்று எனக்குத் தெரியும்

மனிதர்களில் ‘காரணம் சொல்லி’ என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள். தெருவில் மின்சாரம் போனால் மற்றவர்கள் விசிறியைத் தேடுவார்கள். இவர் வாசலுக்கு வந்து, இடுப்பில் கை வைத்து, டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் திசையை ஒரு பார்வை பார்த்து, “லோடு தாங்கலைங்க” என்பார். சத்திரம் பேருந்து நிலையத்தில் முசிறி பஸ் வரவில்லை என்றால், டைம் கீப்பருக்கே தெரியாத காரணம் இவருக்குத் தெரியும். யாருக்காவது தலைவலி என்றால், “தண்ணி கம்மியா குடிக்கிறீங்க.” கல்யாணம் நின்றுபோனால், “மாப்பிள்ளை நடந்து வந்ததைப் பார்த்தப்பவே நினைச்சேன்.” சாவு வீட்டில்கூட, மாலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து செருப்பை மாட்டுவதற்குள், போனவர் எதை எப்போது செய்திருந்தால் இன்னும் பத்து வருடம் இருந்திருப்பார் என்பதைச் சொல்லி முடித்துவிடுவார். யார் கேட்டது? யாரும் கேட்கவில்லை. கேட்டால்தான் சொல்வார் என்றால் அவர் வேறு இனம்.

அடையாளம் காண்பது சுலபம். “பேசிக்கா பார்த்தீங்கன்னா” என்று ஆரம்பிப்பார். நடுவில், “நான் இதைப் பத்திப் படிச்சிருக்கேன்” என்று வரும். கடைசியில், “நான் அப்பவே சொன்னேன்.” இதற்கிடையில் பஸ் வந்ததா, தலைவலி தீர்ந்ததா என்பதெல்லாம் அவர் துறை அல்ல.

இவ்வளவு நுணுக்கமாக எப்படி எழுதுகிறேன் என்று கேட்கிறீர்களா? கண்ணாடியைப் பார்த்துத்தான். என் பெயர் செந்தமிழன். வயது ஐம்பத்தொன்று. பிறந்தது முசிறிப் பக்கம். வீடு ஸ்ரீரங்கத்தில், கடை தென்னூரில். தண்ணீர் மோட்டாருக்கும் பம்புக்கும் உதிரிபாகம் விற்கிறேன்.

கடைதான் என்னைக் கெடுத்தது. துறையூருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு தோட்டத்திலிருந்து ராமர் என்று ஒரு விவசாயி கூப்பிடுவார். “அண்ணே, மோட்டார் ஓடுது, தண்ணி வரல.” நான், “போனை மோட்டார்கிட்ட வைங்க” என்பேன். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்பேன். கண்ணை மூட வேண்டிய அவசியம் இல்லை. கடையில் நிற்பவர்களுக்காக மூடுவது. “குழாய் அடியில, ஃபுட் வால்வுல குப்பை அடைச்சிருக்கு. எடுத்துக் கழுவிப் போடுங்க.” அரை மணியில் திரும்பப் போன் வரும்: “அண்ணே, தண்ணி பிச்சுக்கிட்டு ஊத்துது! நீங்க டாக்டர்ண்ணே!” பத்தில் எட்டுத் தடவை இப்படித்தான். மற்ற இரண்டை நான் மறந்துவிடுவேன். இருபது வருடமாக ஒரு மனிதனை நாலு பக்கத்திலிருந்தும் டாக்டர் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் அவன் என்னதான் ஆவான்?

அப்படி ஆகியிருந்த சமயத்தில்தான் கேசரிக்கு முடி கொட்டியது.

கேசரி எங்கள் வீட்டுப் பூனை. ஆண். நிறம் பெயரிலேயே இருக்கிறது. என் மகள் தேவதர்ஷினி பள்ளியில் படிக்கும்போது, சினேகிதி வீட்டிலிருந்து உள்ளங்கை அளவில் தூக்கிக்கொண்டு வந்து, “ஒரு வாரந்தாம்ப்பா, ப்ளீஸ்” என்றாள். அந்த ஒரு வாரம் நான்கு வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. இப்போது அவள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி இரண்டாம் வருடம் படிக்கிறாள். பூனை எங்களிடம். தினமும் சாயங்காலம் வீடியோ காலில் அவள் கேட்கும் முதல் கேள்வி, “கேசரி எங்க?” அப்பா அம்மா எப்படி இருக்கிறார்கள் என்பது ஐந்தாவது கேள்வியாக வரும், சிக்னல் இருந்தால்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பால்கனி வெயிலில் கேசரி மல்லாந்து கிடந்தது. என் மனைவி பானுப்ரியா துணி உலர்த்தப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

“ஏங்க, இங்க வந்து பாருங்க. இதுக்கு வயித்துல முடியே இல்ல. ரெண்டு நாளா ஓயாம அங்கேயே நக்கிக்கிட்டு இருக்கு. வெளிக்குப் போக மண்ணு டப்பாவுக்கு வேற அடிக்கடி ஓடுதுங்க.”

மொத்த விஷயமும் அதில் இருந்தது. எனக்குத்தான் அது ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. ‘முடி’ என்ற சொல் காதில் விழுந்த கணமே மற்றதைக் கேட்பதை நிறுத்திவிட்டேன். உள்ளே பதில் தயாராகிக்கொண்டிருந்தது.

“பேசிக்கா இது சீசன், பானு. பனி போயி வெயில் வருதில்ல? பூனை முடி உதிர்க்கும்.”

“வயித்துல மட்டுமா?”

“அங்கதான் ஆரம்பிக்கும்.”

இதை எங்கே படித்தேன்? எங்கும் படிக்கவில்லை. அந்த நிமிடம் தோன்றியது. தோன்றியதைச் சொன்னவுடன் படித்த மாதிரி இருந்தது. பானு கணக்கு டீச்சர். விடை தப்பு என்றால் பேப்பரைத் திருப்பும்போதே தெரிந்துவிடும் அவளுக்கு. ஆனால் என்னோடு வாதாடினால் ஒரு காரணம் இரண்டாகும், இரண்டு நாலாகும் என்பதும் தெரியும். பேசாமல் மீதித் துணியை உலர்த்தினாள்.

அடுத்த வாரம் பின்னங்கால் இரண்டிலும் உட்பக்கம் முடி போயிற்று. இளஞ்சிவப்பாகத் தோல் தெரிந்தது. சீசன் என்ற காரணத்தைச் சத்தமில்லாமல் கைவிட்டேன். எங்கள் இனத்தில் ஒரு காரணம் பொய்த்தால் அதற்கு இரங்கல் கூட்டம் எல்லாம் கிடையாது. அடுத்தது வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும்.

மதியம் கடையில் ஆள் வராத நேரத்தில் போனை எடுத்துப் படித்தேன். பூனைக்கு முடி உதிர எத்தனை காரணம் என்கிறீர்கள்? தெள்ளுப்பூச்சி, படர்தாமரை, உணவு ஒவ்வாமை, தைராய்டு, மன அழுத்தம், உள்வலி என்று போய்க்கொண்டே இருந்தது. ‘உள்வலி’ என்ற இடத்தில் விரல் ஒரு கணம்கூட நிற்கவில்லை. அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அதனால் அது காரணமாக இருக்க முடியாது. கடைசி வரியில், ‘கால்நடை மருத்துவரை அணுகவும்’ என்று போட்டிருந்தது. எல்லாவற்றிலும் அப்படித்தானே போடுகிறார்கள்!

“படர்தாமரை” என்று முடிவு செய்தேன். பக்கத்து பேட்டரிக் கடை அமிர்தராஜ் அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் மூன்று நாய் வளர்த்தவர்; எங்கள் இனத்தில் எனக்கு மூத்தவர்.

“தம்பி, இது தெள்ளுப்பூச்சி. எங்க ஜாக்கிக்கு இதேதான்.”

“ஜாக்கி நாயில்லண்ணே?”

“பூச்சிக்கு நாயி என்ன, பூனை என்ன? அதுக்குத் தேவை ரத்தம்.”

“பூச்சி இருந்தா சொறியும்ண்ணே. இது நக்குது.”

“கைக்கு எட்டுற இடத்தைச் சொறியும், வாய்க்கு எட்டுற இடத்தை நக்கும். இதுகூடத் தெரியாதா?”

ஒரு வாரம் இந்த விவாதம் நடந்தது. டீ கொண்டு வந்தவர், வாஷர் வாங்க வந்தவர், முகவரி கேட்க நின்றவர் எல்லோரும் கட்சி சேர்ந்தார்கள். அந்தக் கூட்டத்தில் கேசரியை நேரில் பார்த்தவன் நான் ஒருவன்தான். நானும் சரியாகப் பார்க்கவில்லை. கடைசியில் அமிர்தராஜ் அண்ணன் ஒரு சோதனை சொன்னார்: பேன் சீப்பால் பூனையை வெள்ளைத் தாள்மேல் வாரவேண்டும், கறுப்புத் துகள் விழுந்து, ஈரத்தில் சிவந்தால் தெள்ளுப்பூச்சி. நல்ல சோதனை. வாரினேன். ஒன்றும் விழவில்லை. அன்று எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! பூனைக்குப் பூச்சி இல்லை என்பதற்காக இல்லை. அமிர்தராஜ் அண்ணன் தோற்றார் என்பதற்காக.

அப்படியானால் படர்தாமரைதான், வேறென்ன? வேப்பெண்ணெய் வாங்கி வந்து வயிறு முழுக்கப் பூசினேன். கேசரி ஒரு நிமிடம் என்னைப் பார்த்தது. பிறகு உட்கார்ந்து, முழு எண்ணெயையும் நக்கித் தீர்த்து, வாயில் நுரை தள்ளி, பானு திருத்தி அடுக்கி வைத்திருந்த ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்மேல் வாந்தி எடுத்தது.

“டாக்டர்ட்ட காமிக்கலாங்க” என்றாள் பானு, தாளைத் துடைத்துக்கொண்டே. “தென்னூர்ல உங்க கடைக்கு ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்கு.”

“காமிச்சா என்ன சொல்லுவாங்க? நான் சொல்றதைத்தான் சொல்லுவாங்க.”

அடுத்தது உணவு. மீனை நிறுத்தினேன். கோழி கொடுத்தேன். அதையும் நிறுத்திவிட்டுப் பாக்கெட்டில் வரும் காய்ந்த தீனிக்கு மாற்றினேன். ஒரு வாரத்தில் மூன்று பிராண்டு. பிறகு மணலில் சந்தேகம் வந்தது. மணலைக் கொட்டிவிட்டு மரத்தூள் போட்டேன். டப்பாவைக் குளியலறையிலிருந்து பால்கனிக்கு மாற்றினேன், காற்றோட்டத்துக்காக. வாரம் இருமுறை குளிப்பாட்டினேன். கேசரி பீரோவுக்குப் பின்னால் குடியேறியது. நான் கூப்பிட்டால் வராது. பானு கூப்பிட்டால் வரும், நான் பக்கத்தில் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு.

இதெல்லாம் மகளுக்குத் தெரியாது. வீடியோ காலில் பூனையின் முகத்தை மட்டும் காட்டுவேன். பாஸ்போர்ட் போட்டோ மாதிரி, காது தெரிய, கழுத்தோடு நிறுத்திவிடுவேன். ஒரு நாள் சாயங்காலம் கேசரி என் கையிலிருந்து துள்ளிப் புரண்டது. போனில் ஒரு கணம் வெறும் வயிறு.

“அப்பா! என்னப்பா அது? முடி எங்கப்பா?”

அந்தக் கணத்தில் எனக்கு வேண்டியது ஒரு காரணம். ஐந்தாவதாக ஒன்று வந்து விழுந்தது.

“ஒண்ணுமில்லம்மா. பேசிக்கா இது ஏக்கம். உன்னைப் பிரிஞ்சு இருக்குதில்ல, அதுல முடியைப் பிச்சுக்குது. நான் படிச்சேன்.”

அவள், “சரிப்பா” என்று வைத்துவிட்டாள். இந்தக் காரணம் நன்றாக இருந்ததால் நானும் அதையே பிடித்துக்கொண்டேன். அவளுடைய பழைய சுடிதார் ஒன்றை எடுத்து மடித்து, பூனைக்குப் படுக்கையாகப் போட்டேன்.

மூன்று நாள் அவளிடமிருந்து போன் இல்லை. நான்காம் நாள் பானுவுக்கு, அறைத்தோழி பவித்ராவிடமிருந்து வந்தது. பேசிவிட்டு வந்து பானு என் எதிரில் உட்கார்ந்தாள்.

“தர்ஷினி சாப்பிடாம அழுதுக்கிட்டே இருக்காளாம். ‘என்னாலதான் கேசரிக்கு இப்படி ஆச்சு’ன்னு. இன்டர்னல் டெஸ்டை விட்டுட்டு ஊருக்குக் கெளம்பறேங்கிறாளாம். உங்களுக்கு ஏதாவது சொல்லணும்னா எங்கிட்ட சொல்லக்கூடாதா? அவகிட்ட எதுக்குங்க சொன்னீங்க?”

எனக்கு என்ன தோன்றியது என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன். முதலில் வருத்தம் வரவில்லை. இத்தனை வருடத்தில் மோட்டாரைத் தவிர வேறு விஷயத்தில் நான் சொன்ன ஒரு காரணத்தை முழுசாக நம்பிய முதல் ஆள் என் மகள் என்று தோன்றியது. அதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அழுகிறாளே என்பது அதற்குப் பின்னால்தான் வந்தது, இரண்டு தப்படி தள்ளி.

“பரீட்சை முடியட்டும், அதுக்குள்ள சரி பண்ணிடுவேன்னு சொல்லு” என்றேன்.

சரி பண்ணினேன். பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை வெட்டி, கூம்பு மாதிரி வளைத்து, கேசரியின் கழுத்தில் மாட்டினேன். வாய் வயிற்றுக்கு எட்டாது. எட்டாததால் நக்க முடியாது. பத்தே நாளில் வயிற்றில் மூன்று நாள் தாடி மாதிரி பூனைமயிர் தலைகாட்டியது. அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் அடுக்குமாடி வாட்ஸப் குழுவில், ‘பூனைகளின் அசாதாரண முடி உதிர்வைப் புரிந்துகொள்வது எப்படி?’ என்று தலைப்பிட்டு, பதினான்கு குறிப்புகளோடு, நட்சத்திரக் குறியெல்லாம் போட்டு, ஒரு கட்டுரை எழுதினேன். பூனை வளர்ப்பவர்கள் அந்தக் குழுவில் எங்களைத் தவிர யாரும் இல்லை. முப்பத்திரண்டு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். மாடிவீட்டு மாமா மட்டும், “பகவத் சங்கல்பம்” என்று போட்டார். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் வைத்திருக்கிறவர். அவரோடு போட்டி போட முடியாது.

கட்டுரை போட்ட இரண்டாம் நாள் சனிக்கிழமை. காலை டிபன் முடிந்திருந்தது. பால்கனியில் மரத்தூள் டப்பாவில் கேசரி உட்கார்ந்திருந்தது. முதுகை வளைத்து, வாலைத் தூக்கி, கூம்புக்குள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு. எழுந்து வெளியே வந்தது. நாலடி நடந்து திரும்பிப் போய் மறுபடி உட்கார்ந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது மியாவ் இல்லை.

“இதோட ஏழு தடவை போயிருச்சுங்க” என்றாள் பானு. “ஒரு பொட்டு நனையல.”

“மலச்சிக்கல். தீனி மாத்தினோமில்ல? பூசணிக்காயை வேகவைச்சுக் குடுத்தா...”

பானு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பாதியில் நிறுத்திய வாக்கியத்தை அழிக்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு சமையலறைக்குப் போய்க் காய்கறிக் கூடையைக் கவிழ்த்தாள். கத்தரிக்காயும் வெங்காயமும் தரையில் உருண்டன. கூடையில் துண்டை விரித்து, கேசரியின் கழுத்திலிருந்த கூம்பைக் கழற்றி வீசி, பூனையைத் தூக்கி வைத்து, இன்னொரு துண்டால் மூடினாள். கீழே போய் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். என்னைக் கூப்பிடவில்லை. நான் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே ஓடிப்போய் ஏறினேன்.

காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. கூடைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் விட்டுவிட்டு வந்தது. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, “என்னங்க, பூனைக்கு?” என்றார். என் வாழ்க்கையில் இப்படி ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. பானு, “ஒண்ணுக்குப் போகலைங்க, கொஞ்சம் சீக்கிரம் போங்க” என்றாள். அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்காமல், ஹாரனை அழுத்தி, சந்து கிடைத்த இடத்திலெல்லாம் புகுந்தார். பாலத்தின் நடுவில் கேசரி சத்தம் போடுவதை நிறுத்தியது. பானு துண்டுக்குள் கையை விட்டு, எடுக்காமலே வைத்திருந்தாள். தென்னூர் வரும்வரை நானும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் ஆஃப்ரின் இளம்பெண், முப்பது வயதுதான் இருக்கும். “என்ன ஆச்சுங்க?” என்று கேட்டபோது, பழக்கதோஷம், நான்தான் வாயைத் திறந்தேன்.

“டாக்டர், பேசிக்கா இது முடி உதிர்ற பிரச்சினை. நான் இதைப் பத்தி...”

அவர் கை அதற்குள் கேசரியின் அடிவயிற்றில் இருந்தது. மெதுவாக அழுத்தினார். முகம் மாறியது.

“கடைசியா யூரின் எப்ப போச்சு?”

என்னிடம் பதினான்கு குறிப்பு இருந்தது. இதற்குப் பதில் இல்லை.

“நேத்து மத்தியானம் கொஞ்சமா போச்சு டாக்டர்” என்றாள் பானு. “ராத்திரிலேர்ந்து சுத்தமா இல்ல. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, அடிக்கடி டப்பாவுக்குப் போகும், சொட்டுச் சொட்டா வரும். அப்பல்லாம் அடிவயித்தை நக்கிக்கிட்டே இருக்கும்.”

“கரெக்டா கவனிச்சிருக்கீங்க மேடம்.” டாக்டர் வயிற்றோரத்திலிருந்து நாலைந்து மயிரைப் பிடுங்கிக் கண்ணாடித் துண்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் ஒரு நொடி பார்த்தார். “முடி கொட்டல சார். கொட்டியிருந்தா நுனி கூர்மையா இருக்கும். இதெல்லாம் நடுவுல முறிஞ்சிருக்கு. அதுவேதான் நக்கி நக்கி எடுத்திருக்கு. உள்ள வலிச்சா மேல நக்கும், அவ்வளவுதான். மூத்திரப்பை வீங்கி சாத்துக்குடி மாதிரி கெட்டியா இருக்கு. நீங்க என்ன வேலை பார்க்கறீங்க சார்?”

“பம்பு, மோட்டார்... ஸ்பேர் பார்ட்ஸ் கடை.”

“அப்ப உங்களுக்குச் சொன்னா டக்குன்னு புரியும். லைன் அடைச்சிருக்கு. தண்ணி வெளிய போக வழியில்ல.”

அந்தப் பெண் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. எனக்குப் புரியவேண்டும் என்றுதான் சொன்னார். துறையூர்த் தோட்டத்துக் கிணற்றில் இருக்கும் அடைப்பைத் தென்னூரில் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற மனிதன், தன் வீட்டு பால்கனியில் ஒரு மாதமாக இருந்த அடைப்பைப் பார்க்கவில்லை. பானு என்னைத் திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. கேசரியின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஆம்பளப் பூனைக்கு இது எமர்ஜென்சி” என்றார் டாக்டர். “இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும், உயிரும் தங்காது. மயக்கம் குடுத்து டியூப் போடப்போறேன். ரத்தத்துல உப்பெல்லாம் ஏறியிருக்கும், ரிஸ்க் இருக்கு. வெளிய உட்காருங்க.”

வெளியே ஒரு பெஞ்சு. உட்கார்ந்தோம். பானுவின் போன் அடித்தது. தர்ஷினி. பானு எடுக்காமல் என்னிடம் நீட்டினாள். “நீங்க பேசுங்க” என்றாள்.

“அம்மா, கேசரி எப்படி இருக்கு? நான் திங்கக்கிழமை டெஸ்ட் எழுதல. இன்னிக்கு பஸ் ஏறி...”

“அப்பா பேசறேம்மா.” போனை மறு காதுக்கு மாற்றினேன். “கேசரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருக்கோம். ஒண்ணுக்குப் போற வழி அடைச்சிருக்கு. ஒரு மாசமா வலி இருந்திருக்கு. அம்மா சொன்னா, நான் கேக்கல. ஏக்கம் அது இதுன்னு நான் சொன்னதெல்லாம் சும்மாம்மா. உன்னால இல்ல. நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஓசை மட்டும்.

“பொழைச்சிருமாப்பா?”

பொழைச்சிரும் என்று சொல்லத்தான் வாய் வந்தது. அதற்கு ஒரு காரணமும் கையோடு வந்தது. இரண்டையும் விழுங்கினேன்.

“தெரியலம்மா.”

 அவள், “சரிப்பா. டாக்டர் வந்ததும் சொல்லுங்க. லைன்லயே இருக்கேன்” என்றாள். முக்கால் மணி நேரம் அந்தப் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருவரும் ஒன்றும் பேசவில்லை. என் மகளோடு போனில் நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததே கிடையாது. பேசியும் அவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை.

டாக்டர் வெளியே வந்து, “யூரின் வந்துருச்சு” என்றபோது, ஊரெல்லாம் தண்ணீர் வரவழைத்த எனக்கு இப்படி ஒரு நல்ல செய்தி கிடைத்ததில்லை என்று தோன்றியது. போனில் தர்ஷினி ஓவென்று அழுதாள். பானு என் தோளில் சாய்ந்துகொண்டாள். மன்னித்தாள் என்று அர்த்தமில்லை. பெஞ்சில் சாய்வதற்கு வேறு இடம் இல்லை.

மூன்று நாள் அங்கேயே டியூப்போடு இருந்தது கேசரி. நாலாம் நாள் கூட்டிப்போகச் சொன்னார்கள். தண்ணீரும் ஈரமான சாப்பாடும் அதிகம் கொடுக்கச் சொன்னார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு, மாணவன் மாதிரி, ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

“இது எதனால வந்துச்சு டாக்டர்?”

“உறுதியா சொல்ல முடியாது சார். கல்லு இல்ல, கிருமி இல்ல. முக்கால்வாசி பூனைக்குக் காரணமே தெரியறதில்ல.”

காரணமே தெரிவதில்லை! படித்தவர், மைக்ராஸ்கோப் வைத்திருப்பவர், இதை எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்! சொல்லிவிட்டு அடுத்த சீட்டை எடுக்கிறார்.

“மனசுல டென்ஷன் இருந்தா அதிகமாகும்” என்றார் எழுதிக்கொண்டே.

என் உள்ளே ஒருவன் துள்ளி எழுந்தான். “நான் அப்பவே...” என்று ஆரம்பித்தும்விட்டேன்.

“வீட்ல சமீபத்துல ஏதாவது மாத்தினீங்களா? சாப்பாடு, மணல், டப்பா வெச்ச இடம்? குளிப்பாட்டுறது, கழுத்துல ஏதாவது கட்டுறது, அந்த மாதிரி?”

பானு கூடையின் மூடியைச் சரிசெய்தாள். நிதானமாக, ரொம்ப நிதானமாக. “ஒண்ணுவிடாம மாத்தினோம் டாக்டர்” என்றாள். அந்த ‘னோம்’ என்ற பன்மைக்காக அவளுக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

மணல் திரும்ப வந்தது. டப்பா குளியலறைக்குப் போயிற்று. தர்ஷினி டெஸ்ட் எழுதினாள். சித்திரை பிறப்பதற்குள் கேசரியின் வயிறு முழுக்க முடி முளைத்துவிட்டது. முன்பைவிட அடர்த்தி என்று எனக்குப் படுகிறது. ஏன் என்று ஒரு யோசனையும் இருக்கிறது. பானு வீட்டில் இல்லாதபோது கேசரியிடம் மட்டும் சொன்னேன். வாட்ஸப் குழுவில் கட்டுரையை அழிக்கப் பார்த்தேன், நேரம் கடந்துவிட்டது. அது இன்னும் அங்கே, முப்பத்திரண்டு கட்டைவிரல்களோடு இருக்கிறது.

திருந்திவிட்டேனா? போன வாரம் கடைக்கு வந்த ஒருவர், வீட்டுப் பூனை காதைச் சொறிந்துகொண்டே இருக்கிறது என்றார். “டாக்டர்ட்ட காமிங்க, ரெண்டு தெரு தள்ளித்தான்” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவர் படியிறங்கும்வரை மூடியே வைத்திருந்தேன். அதற்குள் அமிர்தராஜ் அண்ணன் அவரைப் பிடித்துக்கொண்டார்.

என் கதை இவ்வளவுதான். ஆனால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பால்கனியில் வெறும் வயிற்றைப் பார்த்து பானு கூப்பிட்டாளே, அங்கே நீங்கள் என்ன நினைத்தீர்கள்? ‘பூச்சியா இருக்கும்’ என்று ஒருவர்? ‘சத்துக் குறைவு’ என்று இன்னொருவர்? ஆஸ்பத்திரி வந்ததும், ‘அடைப்புன்னு எனக்கு அப்பவே பட்டது’ என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லத் திரும்பினீர்களா? இப்போதுகூட, டாக்டரே தெரியாது என்ற பிறகும், அது வந்ததற்குக் காரணம் அந்தக் காய்ந்த தீனிதான் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிகிறது, இல்லையா? நெளியாதீர்கள். தள்ளி உட்கார்ந்து இடம் விட்டிருக்கிறேன், வாருங்கள்.